மருமகன் தட்டம்

வாசலுக்கு வந்த ஒருவரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்ப என் ராத்தா ஹாஜறாவுக்குத் தெரியாது. ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. போன தேர்தலில் வாக்குக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரருக்கும் ஒரே காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார். மூன்று பேரும் அந்த வீட்டு வாக்கு தங்களுக்குத்தான் என்று நம்பி, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் வளவு கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மா பிரித்துக் கொடுத்த ஒரே வளவில் ராத்தாவுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. ராத்தா தன் குசினியில் நின்று தும்மினால் நான் என் குசினியில் நின்று துஆச் சொல்லலாம். அவ்வளவு கிட்ட இருப்பதால்தான் இதையெல்லாம் நான் சொல்ல முடிகிறது. இல்லாவிட்டால் ராத்தாவின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

ராத்தாவின் மாப்பிள்ளை அபுல் ஹஸன் மச்சான், கடல் ஊருக்குள் வந்த அன்று கரைவலை இழுக்கும் இடத்தில் மீன் வாங்க நின்றவர். திரும்பி வரவில்லை. மகள் ஆகிலா அப்போது பாலர் பாடசாலைக்குப் போகிற பிள்ளை. அதன் பிறகு ராத்தா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார். சுபஹுத் தொழுகைக்கு முன்னே எழும்பி, மா பிசைந்து, உரலைப் பிழிந்து பிழிந்து வலது தோள் இடது தோளைவிடப் பதிந்து போயிருக்கிறது. கல்லாக வாங்கி, சீமெந்தாக வாங்கி, ஓடாக வாங்கி ஆகிலாவுக்காக அந்த வீட்டையே புதிதாகக் கட்டினார். ஆம்பிளை இல்லாத வீடு, அதனால்தான் இப்படி என்று ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அதுதான் அவருடைய ஒரே பயம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டால் சிரித்துவிட்டு இடியப்பத் தட்டைக் கழுவப் போய்விடுவார்.

ஆகிலாவுக்கு மாப்பிள்ளையாகச் சம்மாந்துறையிலிருந்து முஸ்தாக் வந்தான். எனக்கும் அவன் மருமகன் முறைதான், மரியாதையாக ‘வந்தார்’ என்றுதான் சொல்ல வேண்டும். நான் அவன் என்றுதான் சொல்வேன், கோபித்தால் கோபிக்கட்டும். வயல் அறுக்கும் மெசின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலத்தில் மாவடிப்பள்ளி, சவளக்கடை என்று வயல் வயலாகப் போவான். மற்றக் காலத்தில் வீட்டில் இருப்பான். நல்ல பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும். அதிர்ந்து கதைக்க மாட்டான், வீட்டுப் பெண்களுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைப்பான். அவனுடைய வாப்பா ஷரிபுதீன் போடியார், வயலும் வரவும் உள்ள பெரிய மனிதர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மாப்பிள்ளை கிடைத்ததில் ராத்தாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பது எங்கள் உம்மாக்களின் காலத்தில் இல்லை. இப்போதைய பெண்கள் மருமகனோடு கடைக்கும் போகிறார்கள், மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ராத்தா பழைய சட்டத்தை விடவில்லை. ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரை. முஸ்தாக் ஹோலில் இருந்தால் ராத்தா திரைக்குப் பின்னால். சொல்ல வேண்டியதை ஆகிலாவிடம் சொல்லி அனுப்புவார். ஆகிலா இல்லாத நேரத்தில் வீட்டுப் பூனையிடம் சொல்வார். ‘சோறு ஆறப் போகுது பூனை, கை கழுவினா நல்லம்’ என்று திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். முஸ்தாக் எழும்பிக் கை கழுவுவான். அந்தப் பூனைக்கு இந்தக் குடும்பத்தின் எல்லாச் சமாச்சாரமும் தெரியும்.

இனி அந்தத் தட்டத்துக்கு வருகிறேன். கலியாணக் கிழமையில் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் வருவார்கள் என்று பெண் வீட்டில் வெற்றிலையும் சிகரெட்டும் தட்டத்தில் வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கம். அந்தக் கிழமை முடிந்தால் தட்டம் அலுமாரிக்குள் போய்விடும். ராத்தா வீட்டில் போகவில்லை. ஏனென்றால், சம்பந்தி போடியார் முதல் முறை வந்து பார்த்துவிட்டு, நம்மட மகனுக்கு இஞ்ச நல்ல கவனிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் ராத்தாவின் தலைக்குள் போய்க் குந்திக்கொண்டது. அன்றிலிருந்து அஸர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தட்டத்தில் பிளேன்டீ, ஏதாவது ஒரு பலகாரம், ஒரு கிளாஸ் தண்ணீர், பக்கத்தில் ஒரு பெட்டி சிகரெட், தீப்பெட்டி. இடியப்பம் கொடுக்கிற கடையிலேயே மருமகனுக்கு என்று சொல்லி வாங்குவார். தனக்கு ஒரு செருப்பு வாங்க யோசிக்கிற பெண், இதற்கு யோசிக்கவில்லை. வளவில் எல்லோரும் அதற்கு ‘மருமகன் தட்டம்’ என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆவிலேயே சிகரெட் கூடாது என்று பேசுகிறார்கள், நீங்கள் கையில் வைத்துக் கொடுக்கிறீர்களே என்று சத்தம் போட்டேன். ராத்தா என் வீட்டுக் கதையை எடுத்து என் வாயை அடைத்தார். என் மாப்பிள்ளை இன்ஷாப் கலியாணம் முடித்த புதிதில், மீன் குழம்பில் தலைத்துண்டு தன் கோப்பைக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனவர். ஒரு மீன் தலைக்காக! பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வர நோன்பே வந்துவிட்டது. இப்போது அவர் முன்னால் மீன் தலையை வைத்தால் முள் என்று தள்ளிவிடுகிறார், அது வேறு கதை. மருமகன்மாரின் கோபம் எப்படிப்பட்டது என்று ராத்தா அன்று கண்ணால் கண்டவர். முஸ்தாக் அப்படி எழும்பிப் போனால், போய் அழைத்து வர இந்த வீட்டில் ஓர் ஆம்பிளை இல்லையே என்றார்.

ஆகிலா முதலில் மாசமானபோது ராத்தா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். குசினிப் பக்கமே விடவில்லை. அடுப்புப் புகை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். இடியப்பம் அவிக்கிற விறகடுப்பைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று அவித்தார். ஆகிலா எங்கே இருந்தாள்? ஹோலில், நல்ல கதிரையில், மின்விசிறிக்குக் கீழே. வாடைக்காற்று படக்கூடாது என்று யன்னலையும் ராத்தா சாத்திவிடுவார். பக்கத்துக் கதிரையில் முஸ்தாக். முன்னால் தட்டம். விறகுப் புகைக்கு அத்தனை பயந்த பெண் அந்தப் புகையைக் காணவில்லை. ஆகிலா இருமுவாள், மணம் குமட்டுது உம்மா என்று சொல்லியும் பார்த்தாள். உன் வாப்பாவும் குடித்தவர்தானே, நீ நல்லாத்தானே பிறந்தாய் என்று ராத்தா சொல்லிவிட்டார்.

பிள்ளை நாளுக்கு முன்னே பிறந்தது. முஸ்பிறா என்று பெயர் வைத்த அந்தப் பெண்பிள்ளை, என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குள் அடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். ராத்தா கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஆளுக்கொரு காரணம் சொன்னது. அன்னாசி சாப்பிட்டாள், பொழுதுபடும் மஃரிப் நேரம் முற்றத்தில் நின்றாள், கண்ணூறு பட்டது என்று என்னென்னவோ. ராத்தா எல்லாவற்றையும் நம்பினார். எல்லாவற்றுக்கும் ஓதித் தண்ணீர் தெளித்தார். மாலையானால் தட்டத்தையும் வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிள்ளையின் மூச்சு சரியாக இல்லை. போடியார் பேத்தியைப் பார்க்க வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூச்சுச் சத்தம் கேட்குது என்று முகம் வாடினார். மழை தொடங்கினால் முஸ்பிறாவுக்கு இழுப்பு. ராத்தா அவளை மடியில் குப்புறப் போட்டு, முதுகில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சத்தம் கூடுதலாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார், நாங்கள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். மூன்று வயதில் அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வார்டு எங்கள் வளவு மாதிரிப் பழகிவிட்டது. நெருப்புக் கோழிக் குஞ்சு போல் கழுத்தை நீட்டி மூச்செடுக்கும்போதும் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள், கிளி.

இந்த வருஷம் ஆகிலா மறுபடியும் மாசமானாள். இந்த முறை பிள்ளை நிறைமாதமாகப் பிறக்க வேண்டும், கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று ராத்தா தொழுகைப் பாயிலேயே கிடந்தார். விறகடுப்பு மறுபடி கிணற்றடிக்குப் போனது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மாது செலீனா, கல்முனையில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கோபக்காரி என்று பெயர், எனக்கு அதனாலேயே பிடிக்கும். ஒரு நாள் முற்பகல் வீட்டைப் பார்க்க வந்தார். ராத்தா வழக்கம்போல் அவர் வாய் திறக்கும் முன்னே பால் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். செலீனா ஆகிலாவின் வயிற்றை அளந்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். வயிறு வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லையாம். பிறகு ஹோலைச் சுற்றிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா என்று கேட்டார்.

ஆகிலா தலையைக் குனிந்தாள். ராத்தா குனியவில்லை. கேள்வி தன்னைப் பாராட்டக் கேட்டது என்று நினைத்துக்கொண்டார் போல.

“ஓம் மிஸ், மருமகன் குடிப்பாரு. அவருக்கு நாங்க ஒரு குறையும் வெக்கிறல்ல. ஒவ்வொரு நாளும் என்ட கையால நான்தான் வெக்கிற.”

செலீனா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ராத்தாவைப் பார்த்தார்.

“அப்ப உம்மா, உங்கட கையால பேரப்புள்ளைக்கும் நீங்கதான் வெக்கிறீங்க.”

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செலீனா பிறகு கோபமில்லாமல், பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினார். பக்கத்தில் இருக்கிறவர் விடுகிற புகையும் தாயின் மூச்சோடு உள்ளே போய் இரத்தத்தில் கலக்கும். தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிற காற்றும் சாப்பாடும் குறையும். பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம், நாளுக்கு முன்னே பிறக்கலாம், நெஞ்சு பலமில்லாமல் இழுப்பு வரலாம். பிறந்த பிறகும் அந்தப் புகைக்குள் கிடந்தால் இன்னும் ஆபத்து. முஸ்பிறாவுக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்றார். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இன்று நிறுத்தினால் இன்றிலிருந்தே நன்மை. யன்னலைத் திறந்து வைப்பது போதாது, ஒரு மூலையில் இருந்து குடிப்பதும் போதாது, வீட்டுக்குள் புகையே கூடாது, துணியிலும் திரையிலும்கூட அது ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று சொல்லிவிட்டு எழும்பினார். வட்டிலப்பத்தை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், ராத்தாவின் மனம் நோகக்கூடாது என்று.

ராத்தா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழும்பிப் போய், தான் இத்தனை வருஷம் பின்னால் நின்ற அந்தத் திரையைப் பிடித்து மூக்கில் வைத்தார். மணந்து பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் திரையைக் கழற்றினார். யன்னல் திரைகள், கதிரை உறைகள், முஸ்பிறாவின் தொட்டில் துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அடித்து அடித்துத் துவைத்தார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அது என் வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

முஸ்தாக்கிடம் நான் போய்ச் சொல்கிறேன், எனக்கென்ன பயம் என்றேன். ராத்தா துணியைப் பிழிந்தபடியே தலையாட்டினார்.

“நீ வேணாம் சிபானா. வெச்ச கைதான் எடுக்கணும் கா.”

கை எடுப்பது லேசா? தட்டத்தில் சிகரெட் இல்லாமல் போனால் அது ஒரு சொல்லும் சொல்லாமல் மருமகனைப் போ என்று சொல்வதற்குச் சமம். அப்படித்தான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். பூனையிடம் சொல்லி அனுப்புகிற விஷயமும் இல்லை. அவன் எழும்பிச் சம்மாந்துறைக்குப் போய்விட்டால் வயிற்றுப் பிள்ளையோடு ஆகிலா என்ன செய்வாள்? வைத்தால் பேரப்பிள்ளை, எடுத்தால் மகளின் வாழ்க்கை. அஸர் தொழுதுவிட்டு ராத்தா வெகுநேரம் பாயை மடிக்காமல் இருந்தார். நான் குசினிக்குள் ஒளிந்து நின்றேன். ஒளிந்துதான், வேறு என்ன சொல்ல.

முஸ்தாக் வந்து ஹோலில் இருந்தான். திரை இல்லாத நிலையைப் பார்த்து அவனுக்கே கூச்சமாகப் போய்விட்டது, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். ராத்தா தட்டத்தோடு போனார். பிளேன்டீ, பொரித்த வாழைக்காய், தண்ணீர். பெட்டி இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. தட்டத்தை வைத்துவிட்டு ராத்தா திரும்பவில்லை, அங்கேயே நின்றார். முஸ்தாக் தட்டத்தைப் பார்த்தான். அவனுடைய முகம் மாறியது. தேத்தண்ணியைத் தொடாமல் மெல்ல எழும்பினான்.

“இரிங்க மருமகன்.”

நாலு வருஷத்தில் ராத்தா அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது. முஸ்தாக்கின் கால் அப்படியே நின்றுவிட்டது. ராத்தா அதோடு நிறுத்தவில்லை.

“உங்களுக்குக் குறை வெக்கணுமெண்டு நான் எடுக்கல்ல. மரியாதையெண்டு நெனச்சி என்ட கையாலதான் வெச்சன். அது முஸ்பிறாட நெஞ்சுக்குள்ளயும் போயிரிக்கி, இப்ப ஆகிலாட வயித்துக்குள்ளயும் போகுது. இனி இந்தக் கை வெக்காது. கோபமெண்டா என்னோட கோபியுங்க. வீட்ட விட்டு மட்டும் போயிராதீங்க, மருமகன்.”

அவன் எழும்பின காரணத்தை அப்போதுதான் சொன்னான். தன்னில் மாமிக்கு ஏதோ மனக்குறை, அதனால்தான் தட்டத்தில் குறைத்துவிட்டார் என்று பயந்துவிட்டானாம்.

“முஸ்பிறா பொறந்தண்டே விடணுமெண்டு இருந்தன், மாமி. நீங்க ஒவ்வொரு நாளும் வெப்பீங்க. தொடாம எழும்பினா உங்கட மனம் நோகுமே எண்டு...”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! மாமிக்காக மருமகன் குடிக்கிறார், மருமகனுக்காக மாமி வாங்குகிறார், நடுவில் ஒரு பிள்ளை மூச்செடுக்க முடியாமல் கிடக்கிறது. அவன் சொன்னதை நான் முழுக்க நம்பவும் இல்லை. சிகரெட்டுக்குப் பழகிய வாய்க்குச் சாட்டுச் சொல்ல யாராவது வேண்டும்தானே. ஆனால் பாதியாவது உண்மை, அவனுடைய கண்ணில் தெரிந்தது. நான் குசினியிலிருந்து வெளியே வரப் போனேன், அதற்குள் ஆகிலா அறைக்குள்ளிருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரிடமும் எத்தனை முறை சொன்னேன், யார் காதிலாவது விழுந்ததா, இத்தனை நாளும் நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்தீர்கள், எனக்கு யார் செய்தது என்று வெடித்தாள். அவள் எனக்கும் மகள்தான், என் இரத்தம், நன்றாகத்தான் கேட்டாள். முஸ்தாக் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். ராத்தா அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், ஒளிந்து நின்றது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடுத்த நாளிலிருந்து பெட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கராம்பு வந்தது. வாய் கேட்டால் மெல்ல வேண்டுமாம். ஒரே நாளில் விட்டான் என்று சொன்னால் பொய். எரிந்து விழுந்தான், நித்திரை இல்லை என்றான், வயலில் கூட்டாளிமாரோடு ஒளித்துக் குடித்துவிட்டு வந்தான். ஆனால் ராத்தாவுக்கு இப்போது வாய் திறந்துவிட்டதே, இனி மூடுமா? முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நின்றதும் வாசலில் நிற்பார். மணம் வந்தால், ‘மருமகன், கிணத்தடிக்குப் போங்க’ என்று ஒரே சொல். குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். வாடைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் நின்று நடுங்கி நடுங்கியே அவனுக்குப் பாதி ஆசை விட்டுப் போனது. மீதியை முஸ்பிறா முடித்தாள். வாப்பாவின் வாயை மணந்து பார்த்து உம்மம்மாவிடம் சொல்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பூனைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

பிள்ளை நாளுக்குச் சரியாகப் பிறந்தான். ஆண்பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ். நேரே தாயின் நெஞ்சுக்கு வந்தான். வார்டு வாசலில் நின்ற முஸ்தாக்குக்கு அவனுடைய அழுகைச் சத்தம் கேட்டதாம். அழுகைச் சத்தம் கேட்டு ஓர் ஆள் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கும் வழக்கத்தையும் ராத்தா விட்டுவிட்டார்.

ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுத்தோம். சம்மாந்துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போடியார் வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக ஹோலின் நடுக்கதிரையில் இருந்தார். சாப்பாடு முடிந்தது. கை துடைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு நெல் விலை பேசியபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

ஹோலில் எல்லோருடைய கண்ணும் அந்த நெருப்பில் போய் நின்றது. உள்ளறையில் பிள்ளை. துவைத்துப் போட்ட திரை ஆடிக்கொண்டிருந்தது, புகை அதற்குக் கீழால் போய்விடும். முஸ்தாக் பாதி எழும்பினான். வாப்பாவுக்கு முன்னால் அவனுக்கு வாய் வரவில்லை, மாமி இருக்கிற பக்கத்தைப் பார்த்தான். சம்பந்தியை, அதுவும் சாப்பாட்டுக்கு அழைத்த அன்று, அதுவும் போடியாரை, ஒன்றைச் செய்யாதே என்று சொல்லுகிற பெண் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. நான் பிறந்துவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். ராத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆகிலாவிடமிருந்து பிள்ளையை வாங்கினார். திரையை விலக்கி நிலையில் நின்றார், அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கவில்லை.

“சம்பந்தியார், பேரன உங்கட கையில தரணும். ரெண்டு கையையும் நீட்டுங்க.”

போடியாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எழும்பி வந்து சிகரெட் இல்லாத கையை நீட்டினார். ராத்தா பிள்ளையைக் கொடுக்கவில்லை.

“ஒரு கையில குடுக்க ஏலா. புள்ளைக்குக் கழுத்து நிக்கல்ல.”

போடியார் மற்றக் கையைப் பார்த்தார். சாம்பல் தட்டுகிற கோப்பை எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். அந்த வீட்டில் இப்போது அப்படி ஒன்று இல்லை. முற்றத்துக்கு இறங்கிப் போய்ச் சிகரெட்டை மண்ணில் போட்டு மிதித்தார். முஸ்தாக் செம்பும் தண்ணீருமாக ஓடினான். வாப்பாவின் இரண்டு கைக்கும் அவனே தண்ணீர் ஊற்றினான், வாய் கொப்பளிக்கவும் கொடுத்தான். ராத்தா யன்னல்களைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். போடியார் ஈரக்கையை மகனின் தோளில் கிடந்த துவாயில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் நீட்டினார். அப்போதுதான் ராத்தா பிள்ளையை வைத்தார்.

போடியார் கதிரையில் இருந்து பேரனை மடியில் கிடத்தினார். பிள்ளை நித்திரை. அவர் குனிந்து பார்த்தார். பிறகு இன்னும் குனிந்து, பிள்ளையின் வாய்க்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனார். முஸ்பிறாவை இதே கதிரையில் வைத்து மடியில் வாங்கிய நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் பயந்து போய் ராத்தாவைப் பார்த்தார்.

“என்ன சம்பந்தி, மூச்சுச் சத்தமே கேக்கல்லியே?”

“அப்பிடித்தான் சம்பந்தியார் இரிக்கணும்” என்றார் ராத்தா.